ஆஸ்பத்திரி வாசலில் ஒலித்த ஆஃபர்: வேலூர் மெஸ் ஒன்றின் லொக்கேஷன் அறிவிப்புகள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேலூர் காந்தி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் இந்த மெஸ் இருக்கிறது. கணவர் அடுப்படியைப் பார்த்துக்கொள்கிறார், மனைவி கல்லாவில் உட்காருகிறார். சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதும் ஜி.எஸ்.டி. பார்ப்பதும் என் தொழில். இவர்கள் கணக்கும் என்னிடம்தான் இருக்கிறது. இருவருடைய சம்மதத்தோடு, அடையாளங்களைத் தவிர்த்து இதை எழுதுகிறேன்.

மெஸ்ஸிலிருந்து சி.எம்.சி. மருத்துவமனை நடந்து போகிற தூரம். சுற்றிலும் லாட்ஜுகள். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், பீகார், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருவதால் இந்தத் தெருக்களில் வங்காளியிலும் இந்தியிலும் போர்டு இருக்கும். பல லாட்ஜுகளில் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குத் தருவார்கள். கடுகெண்ணெயும் மீனும் வாங்கிக்கொண்டு போய், கூட வந்தவர்கள் தாங்களே சமைத்துக்கொள்வது இங்கே சாதாரணம்.

அப்படியென்றால் மெஸ்ஸுக்கு யார் வருகிறார்கள்? கல்லாவில் இருக்கும் அக்காவிடம் கேட்டால் யோசிக்காமல் சொல்வார். காட்பாடியில் ரயிலிலிருந்து இறங்கி அன்றுதான் ரூம் எடுத்தவர்கள், டோக்கன் வாங்கி உட்கார்ந்து சாயங்காலம் வரை டாக்டரைப் பார்க்க முடியாமல் சோர்ந்து திரும்புபவர்கள், ஆபரேஷன் நடக்கிற வாரத்தில் சமைக்க ஆளோ மனசோ இல்லாதவர்கள். மற்ற நாட்களில் அதே குடும்பம் ரூமிலேயே சமைத்துவிடும். வருடக்கணக்கில் கண்ணால் பார்த்துச் சேர்த்த இந்தக் கணக்கு எந்த நோட்டிலும் எழுதப்படவில்லை. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் சாவி அதில்தான் இருந்தது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ராணிப்பேட்டை கன்னிகாபுரத்தில் மருத்துவமனையின் புது வளாகம் வந்து, சில துறைகள் அங்கே மாறிய பிறகு இந்தச் சந்தில் கூட்டம் குறைந்தது. மதியச் சாப்பாடு ஓரளவு தாங்கியது. இரவு வியாபாரம்தான் அடிவாங்கியது. அந்த நேரத்தில், பக்கத்து லாட்ஜ் உரிமையாளரின் உறவுக்காரப் பையன் ஒருவர் ஒரு யோசனையோடு வந்தார். காட்பாடியில் படித்து முடித்துவிட்டு நண்பர்களோடு சின்னதாக மென்பொருள் வேலை செய்பவர். வாடிக்கையாளர் கடைக்கு அருகில் வந்தால் போனில் தானாக அறிவிப்பு போகும், அதற்கு ஒரு ஆப் செய்து தருகிறேன் என்றார்.

எஸ்.எம்.எஸ். அனுப்பினால் போதாதா என்று அக்கா கேட்டிருக்கிறார். விளம்பர எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டுமானால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-ல் கொண்டுவந்த விதிகளின்படி கடையின் பெயர், அனுப்புகிற தலைப்பு, செய்தியின் வாசகம் எல்லாவற்றையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஆப் மூலம் போகும் அறிவிப்புக்கு அந்த வேலை இல்லை. எளிதாக இருக்கிறது என்றுதான் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதல் அமைப்பு

வேலை செய்யும் விதம் சிக்கலானதல்ல. வரைபடத்தில் ஒரு புள்ளியை வைத்து, அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறார்கள். ஜியோஃபென்ஸ் என்பது இதுதான். ஆப் வைத்திருக்கும் போன் வட்டத்துக்குள் நுழைந்ததும் ஆண்ட்ராய்டு அதைக் கவனித்து ஆப்பை எழுப்பும், ஆப் அறிவிப்பைக் காட்டும்.

மெஸ்ஸை மையமாக வைத்து 1 கிலோமீட்டர் வட்டம் போட்டார்கள். நுழைந்தவுடன் மணியோசையோடு ஓர் அறிவிப்பு: 'உங்க பக்கத்துலதான் இருக்கோம்! சாப்பாட்டுக்கு 15% தள்ளுபடி.' தமிழிலும் ஆங்கிலத்திலும். மேசையில் க்யூஆர் கோடு ஒட்டி, ஆப் போட்டுக்கொண்டால் ஒரு டீ இலவசம் என்று எழுதிவைத்தார்கள்.

டீ நிறையப் போனது. ஆப் போட்டவர்களில் கணிசமானவர்களுக்கு அறிவிப்பே போகவில்லை. ஆண்ட்ராய்டு 10 வந்ததிலிருந்து, ஆப் திறந்திருக்கும்போது மட்டும் இருப்பிடம் தெரிந்தால் போதுமா, எப்போதும் தெரிய வேண்டுமா என்று போன் தனித்தனியாகக் கேட்கிறது. ஆண்ட்ராய்டு 11-ல் 'எப்போதும்' என்பதைக் கொடுக்க செட்டிங்ஸுக்குள்ளேயே போக வேண்டும். 13 முதல் அறிவிப்பு காட்டுவதற்கும் தனி அனுமதி வேண்டும். டீ ஆறுவதற்குள் இத்தனையையும் முடிக்கிற பொறுமை யாருக்கும் இருக்காது. இவ்வளவையும் தாண்டி அனுமதி கொடுத்தவர்களிலும், பேட்டரி சேமிப்பதற்காகப் பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும் போன்கள் இருந்தன.

போன அறிவிப்புகளிலும் வேறு சிக்கல். 1 கிலோமீட்டர் என்றால் மருத்துவமனை, பழைய பஸ் ஸ்டாண்டு, கோட்டை எல்லாமே உள்ளே. ஆற்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்து லாங் பஜாருக்குத் துணி வாங்கப் போகிறவர் போனும் அடித்தது. இலவச டீக்காக ஆப் போட்டிருந்த ஆட்டோக்காரர்கள் சவாரிக்குச் சவாரி அந்தச் சத்தத்தைக் கேட்டு, சில நாட்களில் ஆப்பை எடுத்துவிட்டார்கள்.

சரி என்று ஆப் செய்து தந்த அந்தத் தம்பி வட்டத்தைச் சுருக்கினார். மெஸ்ஸைச் சுற்றி 200 மீட்டரில் ஒன்று, மருத்துவமனை வாசலைச் சுற்றி 200 மீட்டரில் இன்னொன்று. கூட்டம் இருக்கிற இடத்தில் அறிவிப்பு போக வேண்டும் என்பது அவர் நியாயம். வட்டத்தின் அளவைப் பொறுத்தவரை அது சரியான முடிவுதான். போனில் இருப்பிடம் வை-ஃபை, டவர், ஜி.பி.எஸ். எல்லாம் கலந்து கணிக்கப்படுவதால் 100, 150 மீட்டருக்குக் கீழே போனால் நம்ப முடியாது. இரண்டாவது வட்டத்தை எங்கே வைத்தார் என்பதில்தான் கதை திரும்பியது.

கவனத்துக்கு வந்தவை

மாதக் கணக்கு போடும்போது தள்ளுபடித் தொகை ஏறியிருந்தது, மொத்த விற்பனை அந்த அளவுக்கு ஏறவில்லை. அதனால் கல்லாவில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். மதியம் ஒரு குடும்பம் உள்ளே வந்தது. இலை போட்டு, சாதம் வைத்து, சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும்போது மேசையில் இருந்த போன் அடித்தது. 'உங்க பக்கத்துலதான் இருக்கோம்!' சாப்பிட்டு முடித்துப் பில் கொடுக்கும்போது அவர் அதைக் காட்டித் தள்ளுபடி வாங்கிக்கொண்டார். எப்படியும் முழு விலை கொடுத்திருக்க வேண்டியவர்.

தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 8-லிருந்து பின்னணியில் இருப்பிடம் பார்ப்பதைப் போன் மட்டுப்படுத்துகிறது. அதனால் வட்டத்துக்குள் நுழைந்து இரண்டு மூன்று நிமிடம் கழித்துத்தான் அறிவிப்பு வரும். போன் ஒரே இடத்தில் கிடந்தால் இன்னும் நேரமாகும். சந்துமுனையிலிருந்து மெஸ்ஸுக்கு வர அதைவிடக் குறைவான நேரம் போதும். ஆப்பின் திரையில் இவையெல்லாம் 'அறிவிப்பால் வந்த வாடிக்கையாளர்' என்று பதிவாகிக்கொண்டிருந்தன.

இன்னொன்று, ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப அறிவிப்பு போனது. நோயாளியோடு வந்தவர் ஒரு நாளில் லாட்ஜுக்கும் மருத்துவமனைக்கும் பல தடவை நடப்பார். பணம் கட்ட, ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வாங்க, மருந்து வாங்க, ஃபிளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துவர. ஒவ்வொரு தடவையும் ஒரு வட்டத்தைவிட்டு இன்னொன்றில் நுழைகிறார். வட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கட்டடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலும், கணிப்பு முன்னே பின்னே போவதால் போன் அவரை வெளியே போய் உள்ளே வந்ததாக எடுத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் என்ற கட்டுப்பாடு ஆப்பில் வைக்கப்படவில்லை.

இவையெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடிய தொழில்நுட்பக் குறைகள் என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். அந்தச் சமயத்தில்தான் ஜார்க்கண்டிலிருந்து வந்திருந்த ஒருவர் மெஸ்ஸுக்கு வந்தார்.

முதல் நாள் அவர் மனைவிக்கு ஆபரேஷன். உள்ளேயிருந்து எப்போது கூப்பிடுவார்களோ என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மதியம் 2:40-க்குப் போன் அடித்திருக்கிறது. எழுந்து கதவு வரைக்கும் ஓடிவிட்டு, அப்புறம்தான் திரையைப் பார்த்திருக்கிறார். 15% தள்ளுபடி. அரை மணி நேரம் கழித்து அதே ஓசை மறுபடியும்.

அவர் சண்டைக்கு வரவில்லை. சாப்பிட்டு, முழுப் பணம் கொடுத்துவிட்டு, கல்லாவில் நின்று இந்தியில் மெதுவாகச் சொன்னார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சாப்பாடும் நன்றாக இருக்கிறது, ஆனால் இதை என் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். அக்காவுக்கு லாட்ஜ் தெருவில் பழகிய இந்தி தெரியும். போனை வாங்கி, அறிவிப்பை நிறுத்துகிற இடத்தை ஆப்புக்குள் தேடினார். மூன்றாவது பக்கத்தில் ஆங்கிலத்தில் எங்கேயோ இருந்ததை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் ஆப்பையே அழித்துக் கொடுத்தார். அன்று சாயங்காலமே தம்பியைக் கூப்பிட்டு, "அந்த ஆஸ்பத்திரி வட்டத்தை இப்பவே எடு, மத்ததை நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மறுநாள் மூவரும் உட்கார்ந்தோம். தம்பிக்குத் தயக்கம் இருந்தது. திரையில் தெரிந்தவரை மருத்துவமனை வட்டத்தில்தான் அறிவிப்பைத் தொட்டுப் பார்த்தவர்கள் அதிகம். "நல்லா போயிட்டிருக்கிற இடத்தையே மூடச் சொல்றீங்களே அக்கா" என்றார். அக்கா சொன்ன பதில்: "தொட்டுப் பார்க்காம என்ன செய்வாங்க தம்பி? அந்த இடத்துல போன் அடிச்சா யாரா இருந்தாலும் பதறிப்போய்தான் பார்ப்பாங்க."

அந்த ஒரு வரியில் ஆப்பின் புள்ளிவிவரம் முழுவதும் வேறாகத் தெரிந்தது. ஆர்வம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டதில் எவ்வளவு பதற்றம் என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. ஆள் எங்கே இருக்கிறார் என்று ஜியோஃபென்ஸ் சொல்லும். என்ன நிலையில் இருக்கிறார் என்று சொல்லாது. ஜவுளிக்கடைத் தெருவில் இந்த இடைவெளி பெரிய சேதம் செய்யாது. ஆஸ்பத்திரி வாசலில் செய்கிறது. மருத்துவமனை, காவல் நிலையம், நீதிமன்றம் போன்ற இடங்களில் எந்தக் கடையும் வட்டம் போடக் கூடாது என்பது இதற்குப் பிறகு எனக்கு உறுதியான கருத்து.

மருத்துவமனை வட்டம் போனது போனதுதான். பதிலாக லாட்ஜுகள் இருக்கிற தெருக்களில் 150 மீட்டர் வட்டங்கள் வைத்தோம். நுழைந்தவுடன் அடிக்காமல், உள்ளே 10 நிமிடம் தங்கினால் மட்டும் அறிவிப்பு போகும்படி மாற்றினோம். கடந்து போகிறவர்கள் இதில் கழிந்துவிடுவார்கள். மாலை 5 மணி முதல் 7 வரை மட்டும், ஒரு நாளைக்கு ஒன்று. வட்டக் கணிப்பு தப்பி மருத்துவமனைக்குள் இருப்பவருக்கே போனாலும் பதறக் கூடாது என்பதால் ஓசையும் அதிர்வும் இல்லாமல் ஆக்கினோம். ஆண்ட்ராய்டு 8-லிருந்து அறிவிப்புகளை வகை பிரித்து, ஒரு வகையை மட்டும் சத்தமில்லாமல் அனுப்ப முடியும். தம்பிக்கு அது சின்ன வேலை.

தள்ளுபடியை எடுத்தோம். இங்கேதான் அக்காவின் பழைய கணக்கு உதவியது. சாயங்காலம் சோர்ந்து லாட்ஜுக்குத் திரும்புகிறவர் 15 சதவீதத்துக்காக வெளியே வருவதில்லை. சமைக்க முடியாத இரவில், நோயாளிக்கு ஒத்துக்கொள்கிற சாப்பாடு எங்கே கிடைக்கும் என்பதுதான் அவர் கவலை. அதனால் வாசகம் இப்படி ஆனது: 'இன்று இரவு 9 வரை: காரமில்லாத பருப்பு, சாதம், ரோகு மீன் குழம்பு. உப்பில்லாத கஞ்சி சொன்னால் தனியாகச் செய்து தருவோம். லாட்ஜ் வாசலுக்கே பார்சல் வரும்.' வங்காளி, இந்தி, தமிழ் மூன்றிலும். வங்காளி வாசகத்தை மெஷினிடம் விடாமல், லாட்ஜ் ரிசப்ஷனில் வேலை செய்யும் வங்காளிப் பையன் எழுதிக் கொடுத்தார். போனின் மொழியைப் பார்த்து முடிவு செய்வதும் பலிக்காது. வங்காளி பேசுபவர்களில் பலர் போனை ஆங்கிலத்தில்தான் வைத்திருந்தார்கள். எந்த மொழி வேண்டும் என்று ஆப் போடும்போதே கேட்டுவிட்டோம்.

மருத்துவமனை வட்டத்தின் பதிவுகளை அழிக்க உட்கார்ந்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. எந்தெந்த எண், எந்த நாளில், எந்த நேரத்தில் வட்டத்துக்குள் நுழைந்தது என்று ஒரு பட்டியல் சர்வரில் சேர்ந்துகொண்டே இருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. வழக்கமாக அப்படித்தான் செய்வார்கள் என்றார் தம்பி. ஆனால் அது யார் யார் எத்தனை நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து போனார்கள் என்கிற பட்டியல். ஒரு சாப்பாட்டுக் கடையிடம் இருக்க வேண்டியதல்ல. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காகத் தரவு வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் பெற வேண்டும், அந்த வேலைக்குத் தேவையான அளவே வாங்க வேண்டும், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. ஜார்க்கண்ட்காரர் போனில் அந்தக் கடைசி விஷயம் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று ஏற்கெனவே பார்த்திருந்தோம்.

பட்டியல் அழிக்கப்பட்டது. வட்டத்துக்குள் இருக்கிறாரா என்பதைப் போனே பார்த்துக்கொள்ள முடியும் என்பதால் இருப்பிடம் சர்வருக்கு வருவது நிறுத்தப்பட்டது. 'வேண்டாம்' என்ற பொத்தான் ஒவ்வொரு அறிவிப்பின் அடியிலேயே, அவரவர் மொழியில் வந்தது. பெரும்பாலோர் சில வாரங்களில் ஊர் திரும்பிவிடுவார்கள் என்பதால், மூன்று வாரம் கழித்து ஆப் தானாகவே அமைதியாகிவிடும்.

அப்புறம் நடந்தது

இம்முறை அளந்து பார்க்க முடிவு செய்தோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அறிவிப்பு அனுப்புவது, அனுப்பாத நாளையும் அனுப்பிய நாளையும் கல்லாக் கணக்கில் ஒப்பிடுவது. ஆப் திரையைப் பார்க்கவே இல்லை. அக்கா நோட்டில் இரண்டு பத்தி போட்டு, இரவு பார்சலுக்குக் கோடு கிழித்துக்கொண்டே வந்தார்.

அறிவிப்பு மாலையில் மட்டுமே போனதால் மதியச் சாப்பாட்டில் எந்த வித்தியாசமும் இல்லை. இரவு பார்சலில் வித்தியாசம் தெரிந்தது, பெரிதாக இல்லை, ஆனால் வாரத்துக்கு வாரம் ஒரே பக்கம்தான் சாய்ந்தது. கஞ்சியும் காரமில்லாத பருப்பும் நன்றாக நகர்ந்தன. தள்ளுபடி இல்லாததால் வந்த பணம் முழுசாகக் கையில் நின்றது.

ஆனாலும் ஆப் போடுகிறவர்கள் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. இலவச டீயை நிறுத்தியதும் ஒரு காரணம். இரண்டு மூன்று வாரம் தங்கப் போகிற ஊரில், ஒரு மெஸ்ஸுக்காக ஆப் இறக்கி, 'எப்போதும்' இருப்பிட அனுமதி கொடுக்கச் சொல்வது அதிகப்படியான கோரிக்கை. ஒத்துக்கொள்ளாதவர்கள்தான் விவரமானவர்கள் என்று எனக்குத் தோன்றியது.

இதற்கு நடுவே செலவே இல்லாத இரண்டு வேலைகளும் நடந்தன. கூகுள் மேப்பில் மெஸ்ஸின் புள்ளி சந்துக்குப் பின்புறத் தெருவில் விழுந்திருந்தது. அதைச் சரிசெய்து, இரவு மூடும் நேரத்தைப் போட்டு, மெனு போர்டின் வங்காளிப் படத்தையும் ஏற்றினோம். ரயிலிலிருந்து இறங்கி ரூம் எடுத்தவர்கள் சாப்பாடு தேடும்போது நேராக வாசலுக்கு வந்தார்கள். அவர்கள் தேடுகிற நேரத்தில் நாம் கண்ணில் படுகிறோம், யார் போனும் அடிக்கவில்லை. இரண்டாவது, லாட்ஜ் ரிசப்ஷனில் சாவி மாட்டும் பலகைக்குப் பக்கத்தில் ஒரு அட்டை: வாட்ஸ்அப் பிசினஸ் எண், க்யூஆர் கோடு, 'நோயாளிக்கான சாப்பாடு' என்று மூன்று மொழியில். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் செய்தி, நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். அந்தக் கட்டுப்பாடு எங்களுக்கு நல்லதாகவே அமைந்தது. வேண்டும் என்று நினைப்பவர் எண்ணைச் சேமிப்பார், ஊருக்குப் போகும்போது அழித்துவிடுவார்.

சில மாதங்களில் இரவு பார்சலில் பெரும்பங்கு இந்த அட்டையிலிருந்தே வந்தது. ஜியோஃபென்ஸ் ஆப்பை மூடவில்லை. ஏற்கெனவே போட்டவர்களுக்காக ஓடுகிறது, புதிதாக யாரையும் போடச் சொல்வதில்லை.

மீண்டும் செய்தால் மாற்றுபவை

வட்டம் போடுவதற்கு முன்பே கல்லாவில் இருப்பவரிடம் யார், எப்போது, எதற்காக வருகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இங்கே அந்தத் தகவல் முதல் நாளிலிருந்தே இருந்தது, யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மதியம், தள்ளுபடி, மருத்துவமனை வாசல் மூன்றுமே திட்டத்தில் வந்திருக்காது.

அனுப்பாத நாட்களோடு ஒப்பிடும் கணக்கை முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும். ஆப்பின் திரை ஆப்புக்குச் சாதகமாகத்தான் பேசும். தம்பியும் இதை ஒத்துக்கொண்டு, அடுத்து அணுகிய கடைக்காரரிடம் நோட்டுக் கணக்கைப் பற்றித்தான் முதலில் பேசினார்.

எல்லாக் கடைக்கும் இதே முடிவு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். சத்துவாச்சாரியிலோ காந்தி நகரிலோ குடியிருப்பவர்களை நம்பி நடக்கும் பேக்கரிக்கு, மாதக்கணக்கில் வந்துபோகும் வாடிக்கையாளர் இருப்பதால், ஆப் போடச் சொல்வதில் அர்த்தம் இருக்கலாம். அங்கேயும் 150 மீட்டருக்குக் குறையாத வட்டம், தங்கினால் மட்டும் அறிவிப்பு, நாளுக்கு ஒன்று என்ற மூன்றிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

ராணிப்பேட்டை வளாகத்துக்கு அருகில் சின்னதாக ஒரு பார்சல் கவுண்டர் போடலாமா என்று கணவனும் மனைவியும் இப்போது இடம் பார்க்கிறார்கள். அங்கே வட்டம் எதுவும் வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். மேப்பில் புள்ளி, தங்கும் விடுதிகளில் அட்டை, வங்காளியில் ஒரு போர்டு, இந்த மூன்றுக்கும்தான் செலவுக் கணக்கு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.